நீர் இறங்கும்போது படகு கயிற்றில் தொங்காமல் கட்டுவது எப்படி?

கட்டிவைத்த படகு நீர் வற்றித் தரையில் உட்கார்ந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆபத்து கயிற்றில்தான். கரைப்பக்கக் கயிறு இறுகி அந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கும், மறுபக்கம் நீரோடு கீழே போகும். சாய்ந்த பக்கத்தில் இருக்கும் கழிவுநீர்த் துளையோ புகைக்குழாயோ நீருக்குள் போய்விட்டால், அதன்பின் படகு தானாகவே நிரம்பும்.

மிதவை மேடையுள்ள மரினாவில் படகு வைத்திருப்பவர்களுக்கு இது தேவையில்லை, மேடையும் படகோடு சேர்ந்தே இறங்கும். 2008-இல் மரினா அணைக்கட்டு வந்தபின் காலாங் படுகையும் சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரமும் கடலின் ஏற்ற இறக்கத்திலிருந்து பிரிந்துவிட்டன, அங்கும் கவலையில்லை. சாங்கி, பொங்கோல், புலாவ் உபின் பக்கம் அசையாத படகுத்துறையிலோ கம்பத்திலோ கட்டுபவர்களுக்குத்தான் இந்தக் குறிப்பு.

1. எவ்வளவு இறங்கும்?

சிங்கப்பூர்க் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் வற்றுப்பெருக்கு அட்டவணையில் அன்றைய உச்சத்திலிருந்து அடுத்த தாழ்வைக் கழியுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் வித்தியாசம் ஏறக்குறைய 3 மீட்டர் வரை போகும்.

இறக்கம் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. ஆறு மணி நேர இறக்கத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1 என்று போகும். 3 மீட்டர் என்றால் நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் 1.5 மீட்டர். சிங்கப்பூரில் கணக்கு எப்போதும் இவ்வளவு ஒழுங்காக வராது, ஆனாலும் மதிப்பிட இது போதும். முதல் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, "கயிறு தளர்வாகத்தானே இருக்கிறது" என்று சாப்பிடப் போவதுதான் பலரும் செய்வது.

2. கயிற்றின் நீளம்

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான், நிதானமாகப் படியுங்கள்.

படகிலிருந்து நேர் எதிரே, 1.5 மீட்டரில் இருக்கும் கம்பத்தில் குறுக்காகக் கட்டுகிறீர்கள். நீர் 3 மீட்டர் இறங்கினால் அந்தக் கயிறு 3.35 மீட்டர் ஆகவேண்டும், அதாவது இரு மடங்குக்கும் மேல். 4 மீட்டர் தள்ளியிருக்கும் கம்பம் என்றால் 5 மீட்டர் தேவை. 8 மீட்டர் தள்ளியிருந்தால் 8.54 மீட்டர், கூடுதல் வெறும் 54 சென்டிமீட்டர். பள்ளியில் படித்த பிதாகரஸ்தான்: தூரத்தின் வர்க்கம், இறக்கத்தின் வர்க்கம், கூட்டி வர்க்கமூலம்.

ஆகவே குட்டைக் குறுக்குக் கயிறே வேண்டாம். அணியத்திலிருந்து (படகின் முன்முனை) முன்னால் தள்ளி ஒன்று, அமரத்திலிருந்து (பின்முனை) பின்னால் தள்ளி ஒன்று. அணியத்திலிருந்து பின்னோக்கியும் அமரத்திலிருந்து முன்னோக்கியும் இரண்டு ஸ்பிரிங் கயிறுகள், படகு முன்பின் நகராமல் பிடிப்பவை. நான்கும் எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது.

"இறக்கம்" என்பதை எங்கிருந்து அளப்பது? கம்பத்தில் கயிறு இருக்கும் உயரத்திலிருந்து, தாழ்நீரில் படகின் கிளீட் (கயிறு கட்டும் கொம்பு) இருக்கும் உயரம் வரை. பெருக்கில் கம்பம் கிளீட்டைவிட 1 மீட்டர் உயரமாக இருந்தால் உங்கள் கணக்கு 3 அல்ல, 4 மீட்டர். 8 மீட்டர் கயிறு அப்போது 8.94 ஆகும். கணக்கு பிடிக்காதவர்கள் தாழ்நீர் நேரத்தில் போய்க் கட்டுங்கள். அப்போது இறுகாத கயிறு பிறகு அந்த அளவு இறக்கத்தில் இறுகாது.

கயிறு நைலானாக இருக்கட்டும், 6 முதல் 9 மீட்டர் படகுக்கு 12 மில்லிமீட்டர். வன்பொருள் கடை நீலநிறப் பாலிபுரோப்பிலீன் மலிவு, ஆனால் நம்மூர் வெயிலில் பொடிப்பொடியாய் உதிரும். அதைச் சாமான் கட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

3. இறுகியபின்னும் அவிழ வேண்டும்

போலைன் முடிச்சு (வழுக்காத கண்ணி போடுவது) நல்ல முடிச்சுதான். ஆனால் படகின் எடை ஏறிவிட்டால் அதை அவிழ்க்க முடியாது. கயிற்றைக் கம்பத்தைச் சுற்றி மீண்டும் படகுக்கே கொண்டுவந்து, இரு முனையையும் கிளீட்டில் கட்டுங்கள். நீளம் இரட்டிப்பாகும் (8.54-க்கு ஏறக்குறைய 20 மீட்டர் வாங்குங்கள்), அதற்குப் பலனாகப் படகிலிருந்தபடியே தளர்த்தலாம். கம்பத்தில் உரசும் இடத்தில் பழைய தோட்டக் குழாய்த் துண்டை மாட்டுங்கள். கரையிலேயே முடிய வேண்டுமென்றால் ஒரு முழுச் சுற்றும் இரண்டு அரைமுடிச்சும் போடுங்கள், இது இழுவையிலும் தளரும்.

படகு ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தால் அணியம், அமரம் என்று மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஒரு முனையை மொத்தமாக விட்டால் மறுமுனை தொங்கிப்போகும். இறுகிய நைலானின் நேர்க்கோட்டில் நிற்காதீர்கள், அறுந்தால் சாட்டையாக அடிக்கும். சாய்ந்த படகின் அறைக்குள் யாரையும் அனுப்பாதீர்கள். பல் வைத்த கத்தி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

4. துளைகளும் பம்பும்

படகைவிட்டுப் போகுமுன் சீகாக் வால்வுகள் (படகின் உடலிலுள்ள துளைகளை அடைப்பவை) எல்லாவற்றையும் மூடுங்கள். பில்ஜ் பம்ப் (படகின் அடியில் சேரும் நீரை வெளியேற்றுவது) இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு கணக்கு: 38 மில்லிமீட்டர் துளை நீருக்கு 30 சென்டிமீட்டர் கீழே போனால் நிமிடத்துக்குச் சுமார் 100 லிட்டர், மணிக்கு 6,000 லிட்டர் உள்ளே வரும். மணிக்கு 1,100 அமெரிக்க கேலன் என்று அச்சிட்ட பம்ப், குழாயே இல்லாமல் ஓடினாலும் மணிக்கு 4,160 லிட்டர்தான் தள்ளும். மேலே ஏற்றித் தள்ளும்போது இன்னும் குறையும்.

பம்பின் வெளியேற்றுக் குழாயே எமனாவதும் உண்டு. அதன் வாய் சாய்ந்து நீருக்குள் போனால், பம்ப் நின்றதும் தண்ணீர் அதே வழியில் திரும்பி வரும். குழாயை உயரே வளைத்து, வளைவின் உச்சியில் காற்றுத் துளையுள்ள இணைப்பைப் போடுங்கள்.

5. நீர் திரும்பும்போது

வற்றில் தப்பிய படகு பெருக்கில் போய்விடலாம். படகின் விளிம்பு துறையின் குறுக்கு உத்தரத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டால் மேலே வர வழியில்லை. நீர் மட்டும் ஏறும். கம்பங்கள் உள்ள துறையில் தனி ஃபெண்டர் (படகு உரசாமலிருக்கத் தொங்கவிடும் மெத்தை) உருண்டு விலகிவிடும். இரண்டு ஃபெண்டர்களுக்கு வெளியே 1.5 மீட்டர் பலகை ஒன்றைக் கிடையாகத் தொங்கவிட்டால் அது கம்பத்தில் வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கும்.

சேற்றில் உட்கார்ந்த படகைச் சேறு உறிஞ்சிப் பிடிக்கும். பின்பலகை தாழ்வான அவுட்போர்டு படகுகளில் அமரம் கிளம்புமுன் நீர் பலகையைத் தாண்டிவிடும். தரைதட்டுமுன் எஞ்சினைத் தூக்கிவிடுங்கள், நீர் ஏறத் தொடங்கியதும் ஆட்டி விடுவியுங்கள், எடையை அணியத்துக்கு மாற்றுங்கள். மிதந்ததும் எஞ்சினை உடனே முடுக்காமல், குளிர்நீர் வடிகட்டியில் சேறு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பின்னர் சேர்த்தது

பெருக்கில் கயிறு தளர்ந்து படகு அலைகிறதே என்று கேட்டவர்களுக்கு: கயிற்றின் நடுவில் 4, 5 கிலோ எடையைத் தொங்கவிடுங்கள், பழைய டம்பெல் போதும். தளர்வை அது இழுத்துக்கொள்ளும், இறுக்கம் வரும்போது மேலே எழுந்து இடம் கொடுக்கும்.

விடுமுறைக்கு இங்கிலாந்து போய்க் கால்வாய்ப் படகு எடுப்பவர்களுக்கு: அங்கே அட்டவணை கிடையாது. யாரோ மதகின் அடைப்பைத் திறந்தபடி விட்டுப் போனால் ஒரே இரவில் நீர் இறங்கும்; 2018 மார்ச்சில் மிடில்விச் அருகே கரையே உடைந்தது. அணியத்திலும் அமரத்திலும் கோணலாக, சற்றுத் தளர்வாகக் கட்டுங்கள். கூரையின் நடுவில் இருக்கும் கயிறு படகைக் கரைக்கு இழுக்க மட்டுமே. அதை இறுக்கிக் கட்டிவிட்டுத் தூங்கினால் நீர் இறங்கும்போது படகைச் சாய்ப்பதே அதுதான். விசிறிக்கு மேலே இருக்கும் களை மூடி (விசிறியில் சிக்கிய களையை எடுக்கத் திறப்பது) இறுக்கமாகப் பூட்டியிருக்கிறதா என்று படுக்குமுன் பாருங்கள்.