சேறாகும் குதிரைப் பட்டி: மழைக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்துச் செம்மண் நிலம் கோடையில் லாடம் பட்டால் ஓசை எழும் அளவுக்கு இறுகிக் கிடப்பதால், குதிரை வளர்ப்போர் பலரும் பட்டியின் தரையைப் பற்றி ஐப்பசி பிறக்கும் வரை நினைப்பதில்லை. அடைமழை பிடித்துக் கணுக்கால் அளவுக்குச் சேறான பிறகு, ஒரு லோடு மணலைக் கொட்டினால் சரியாகிவிடும் என்று கருதுவதே முதல் தவறு. நடவு வயலில் தண்ணீர் கீழே இறங்காமல் நிற்பதற்காக நாம் சேற்றுழவு செய்கிறோம் அல்லவா? ஈர மண்ணைக் குதிரையின் குளம்பு மிதிக்கும்போதும் அதே வேலைதான் நடக்கிறது. மண்ணின் துளைகள் அடைபடுகின்றன, ஒவ்வொரு குளம்புக் குழியும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதன்மேல் கொட்டிய மணல் சில நாள்களில் மிதிபட்டுச் சேற்றோடு கலந்து உள்ளே போய்விடும். மணல் கலந்த தரையில் தீவனத்தைப் போட்டால் குதிரை மணலையும் சேர்த்து விழுங்கிக் குடலில் மணல் தேங்கி வயிற்றுவலி காணும் அபாயமும் உண்டு. ஆகவே மழைக்காலமானாலும் கோடையானாலும் தீவனத்தைத் தொட்டியில் வைப்பதே முறை.

தரையைத் திருத்துவதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். நல்ல மழை பெய்யும்போது குடையோடு பட்டியைச் சுற்றி நடந்து பார்த்தால், பாதித் தண்ணீர் பட்டியில் பெய்ததாக இராது. லாயத்துக் கூரையிலிருந்தும் மேட்டுப்பக்கத்து நிலத்திலிருந்தும் வந்ததாக இருக்கும். 1,000 சதுர அடித் தகரக் கூரையில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 4,600 லிட்டர் தண்ணீர் வழிகிறது. இந்தப் பகுதியின் பெரிய வீடுகளில் கூரை நீரை முற்றத்தில் வாங்கி அண்டாவில் பிடித்துவைத்த வழக்கம் அனைவரும் அறிந்தது. அந்த வீட்டின் கொல்லையில் இருக்கும் லாயத்துக் கூரையை மட்டும் பட்டிக்குள்ளேயே ஊற்ற விடுவது ஏனோ தெரியவில்லை. கூரை விளிம்பில் நெடுக்காகப் பிளந்த பிவிசி குழாயைப் பொருத்தி நீரைத் தொட்டிக்குத் திருப்புவதும், மேட்டுப்பக்கத்தில் ஓர் அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டுவதும் ஜல்லி வாங்குவதைவிட மலிவானவை.

லத்தியை அப்படியே மிதிபட விடுவது அடுத்த தவறு. நடுத்தர உடல்வாகுள்ள குதிரை லத்தியும் சிறுநீருமாக நாளொன்றுக்கு 20 கிலோவுக்கு மேல் கழிக்கிறது. வைக்கோல், தேங்காய் மட்டை, மரத்தூள் ஆகியவற்றைச் சேற்றின்மேல் பரப்புவதும் இதில் சேரும். முதல் வாரம் தரை மெத்தென்று இருக்கும்; பிறகு அவை மட்கி, பஞ்சாக நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு நாற்றமெடுக்கும். இத்தகைய ஈரத்தில் நிற்கும் குதிரையின் குளம்பு அடியில், நடுவிலுள்ள மெத்தென்ற முக்கோணப் பகுதி கறுத்து அழுகத் தொடங்கும். கணுக்காலின் பின்புறத்தில் பொருக்குத் தட்டிப் புண்ணாகும்.

செட்டிநாட்டுக்கே உரிய தவறு ஒன்று உண்டு. இங்கு பழைய வீடுகளை இடிக்கும்போது தூணும் நிலையும் நல்ல விலைக்குப் போய்விட, மிஞ்சும் இடிபாட்டுக் குப்பை இலவசமாகவோ வண்டி வாடகைக்கோ கிடைக்கிறது. பள்ளத்தை நிரப்ப அது தோதானதாகத் தோன்றும். ஒரு கூடையைக் கொட்டிக் கையால் கிளறிப் பார்த்தால், செங்கல் துண்டுகளுக்கிடையே துருப்பிடித்த ஆணி, வண்ணக் கண்ணாடிச் சில்லு, கூர்முனையுள்ள ஓட்டுத் துண்டு, கம்பி எல்லாம் அகப்படும். மழைக்குப் பின் இவை மேலே எழும்பி வரும். ரண ஜன்னி (டெட்டனஸ்) எளிதில் தாக்கும் விலங்குகளுள் குதிரை முக்கியமானது. குளம்பில் ஏறிய ஓர் ஆணியே அதற்குப் போதும். இலவசக் குப்பையைத் தயங்காமல் மறுத்துவிட வேண்டும். கண்மாய் வண்டலும் அவ்வாறே. வயலுக்கு அருமையான அது பட்டியில் வழுக்கும் களிச்சேறாகிவிடும்.

சரியான அடுக்கு இதுதான்: மேல்சேற்றையும் லத்தியையும் கெட்டித் தரை தெரியும் வரை வழித்தெடுத்து, 100 அடிக்கு ஓரிரு அடி சரிவு கொடுத்து, ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, அதன்மேல் உடைத்த ஜல்லியை 4 முதல் 6 அங்குலம் வரை பரப்பித் திமிசு போட்டு இறுக்கி, கடைசியாகக் கிரஷர் தூளை, அதாவது கல் உடைக்கும் ஆலையில் கிடைக்கும் கல்தூளை, 2 அல்லது 3 அங்குலம் இட வேண்டும். துணியின் வேலை, நீரைக் கீழே விட்டு, ஜல்லி சேற்றில் புதையாமல் தடுப்பது. அதற்குப் பதிலாகத் தார்ப்பாயையோ கல்யாண ஃப்ளெக்ஸ் பேனரையோ விரிப்பவர்கள் தரைக்கடியில் ஒரு குளத்தையே கட்டிவிடுகிறார்கள். சாக்கு மட்கிவிடும். கூழாங்கல் ஒன்றோடொன்று கவ்வாமல் உருளும். ஜல்லியைத் தூளால் மூடாமல் விட்டால் குளம்படி கன்றிப்போகும். மண் அதிகம் கலந்த கிராவல் விலை குறைவுதான். ஆனால் அதுவே அடுத்த ஆண்டின் சேறு.

பட்டி முழுவதையும் ஒரே தடவையில் செய்ய முயன்று, காசு போதாமல் எல்லா இடத்திலும் ஓர் அங்குல ஜல்லி தூவி முடிப்பவர்கள் உண்டு. கதவடி, தண்ணீர்த் தொட்டி, தீவனத் தொட்டி ஆகிய மூன்று இடங்களை மட்டும் முறையாகச் செய்தால் பெரும்பகுதிச் சேறு குறைந்துவிடும். 20 அடிக்கு 10 அடி இடத்தில் 6 அங்குலக் கனத்துக்கு 100 கன அடி, அதாவது ஒரு யூனிட் ஜல்லி பிடிக்கும். இறுக்கும்போது அமிழ்வதால் கால் யூனிட் கூடுதலாக வாங்குவது நல்லது.

வடியும் நீரை ஊருணிக்கோ அதன் வரத்துக்காலுக்கோ திருப்பக் கூடாது. லத்தி கலந்த அந்த நீரைத் தென்னைக்கோ புல் விளையும் துண்டு நிலத்துக்கோ விட வேண்டும்.

இவ்வேலைகளுக்கு மாசி முதல் வைகாசி வரையிலான காய்ந்த காலமே ஏற்றது. ஏற்கெனவே மழையில் மாட்டிக்கொண்டவர்கள் ஈரத்தின்மேல் ஜல்லி கொட்டிப் பணத்தைப் புதைக்க வேண்டியதில்லை. தோலையும் குளம்பையும் அரிக்கும் சுட்ட சுண்ணாம்பையும் தூவ வேண்டியதில்லை. குதிரையை மேடான, கூரையுள்ள இடத்தில் கட்டி, லத்தியை இருவேளையும் அள்ளி, குளம்பை நாள்தோறும் சுத்தம் செய்து துடைத்து, தண்ணீர் தேங்கும் இடங்களில் முளைக்குச்சி அடித்து வைத்தால், தை கழிந்து தரை காய்ந்ததும் எங்கே தோண்டத் தொடங்குவது என்பதை அந்தக் குச்சிகளே காட்டும்.