சேற்றில் உழுத பழைய மெஸ்ஸி டிராக்டருக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடிக்கும் முறை

பெயிண்ட் டப்பா வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, துரு எங்கெங்கே பிடித்திருக்கிறது என்று பாருங்கள். நெல் வயலில் உழும் வண்டியாக இருந்தால் அநேகமாக இவைதான்: பின்சக்கர ரிம்மும் டிஸ்க்கும் சேரும் விளிம்பு, மட்கார்டின் உள்பக்கம், கால் வைக்கும் தட்டின் அடிப்பகுதி, பேட்டரி தட்டு, முன் ஆக்ஸில். சேறு போய் ஒட்டி, காய்ந்து, அடுத்த உழவில் மறுபடி நனையும் இடங்கள். ரோட்டில் போகிறவர் கண்ணில் படுவது எஞ்சினை மூடும் பானட். ஆனால் வண்டியின் ஆயுளைக் குறைப்பது இந்த மறைவிடத்துத் துருதான். முதல்முறையாகப் பெயிண்ட் அடிப்பவர்களிடம் நான் வற்புறுத்துவது ஒன்றே: நேரத்திலும் காசிலும் பாதிக்கு மேல் சேறு ஒட்டும் இடங்களுக்கு வையுங்கள். பானட் கடைசியில் வரட்டும்.

எங்களுடையது மெஸ்ஸி பெர்குசன் 1035. மூன்று சிலிண்டர் சிம்சன் எஞ்சின். அப்பா வாங்கி மன்னார்குடிப் பக்கம் குறுவை, தாளடி என்று ஓட்டிய வண்டி. இப்போது சித்தப்பா ஓட்டுகிறார், பராமரிப்பு என் பொறுப்பு. சிவப்பு பானட், சாம்பல் நிற எஞ்சின் என்கிற இந்தச் சேர்க்கைக்கு ஒரு வரலாறு உண்டு. ஹாரி பெர்குசன் செய்த டிராக்டர்கள் சாம்பல் நிறம். கனடாவின் மெஸ்ஸி-ஹாரிஸ் வண்டிகள் சிவப்பு. இரண்டு கம்பெனியும் 1953-ல் ஒன்றாயின. சில வருடம் கழித்து வந்த மெஸ்ஸி 35-ல் இரண்டு நிறமும் ஒரே வண்டியில் ஏறின. 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே கம்பெனி அந்த வழியில் வந்த வண்டிகளைத்தான் நம் வயல்களுக்குக் கொடுத்தது. எனக்கு இந்த இரண்டு நிறத்தையும் மாற்ற மனம் வராது. மாற்ற நினைப்பவர்கள், ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் நிறம் பதிவாகியிருப்பதை நினைவில் வையுங்கள். வேறு நிறம் அடித்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டும். பழைய நிறத்தையே அடிக்கும்போது அந்த வேலை இல்லை.

எந்த மாதம் என்பதில் கவனம் வேண்டும். பொங்கலுக்குப் புதுசாக நிற்க வேண்டும் என்று மார்கழியில் ஆரம்பிப்பவர்கள் அதிகம். டெல்டாவில் மார்கழிப் பனி காலை ஒன்பது மணி வரை இரும்பில் வேர்த்து நிற்கும். அதன்மேல் அடித்த எனாமல் மங்கிப்போகும், பிடிப்பும் இருக்காது. ஆடியில் காற்று புழுதியைக் கொண்டுவந்து ஈரப் பெயிண்டில் அப்பிவிடும். ஆயுத பூஜைக்கு முன்னால் என்றால் மழை. சம்பா அறுப்பு முடிந்து வண்டி ஓய்ந்திருக்கும் மாசிக் கடைசியும் பங்குனியும்தான் சரியான காலம். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கிற வருடமாக இருந்தால், சேற்றில் இறங்கும் முன் பெயிண்ட் முழுசாக இறுகவும் நாள் கிடைக்கும். அடிப்பது நிழலில் இருக்கட்டும். வெயிலில் சுட்ட தகரத்தில் பெயிண்ட் மேலே மட்டும் உலர்ந்து உள்ளே வேகும், ஊசி ஊசியாக ஓட்டை விழும்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்யத் தேவையில்லை. இந்த வருடம் ரிம், மட்கார்டு, பானட். அடுத்த வருடம் எஞ்சினும் கியர்பாக்ஸும் என்று பிரித்துக்கொள்ளலாம். உழைக்கிற வண்டியை மாதக்கணக்கில் கழற்றிப் போட்டு வைக்க முடியாது.

கழுவுவது

முதலில் எண்ணெய்க் கசிவை நிறுத்துங்கள். கசிகிற இடத்தில் எந்தப் பெயிண்டும் நிற்காது. மெக்கானிக்கை வரவழைத்து டேப்பட் கவர் பேக்கிங், ஹைட்ராலிக் பக்கத்து ஆயில் சீல் எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகுதான் கழுவும் வேலை.

பேட்டரியைக் கழற்றுங்கள்; நெகட்டிவ் வயர் முதலில். ஏர் கிளீனர் வாயையும் டீசல் டேங்க் மூடியையும் பாலித்தீன் சுற்றிக் கட்டுங்கள். டைனமோ, செல்ப் மோட்டார் மேலும் ஒரு பை. எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் குளிர்ந்த தண்ணீர் அடித்தால் வார்ப்பு இரும்பு விரிசல் விடலாம். காய்ந்த சேற்றை மரக் குச்சியாலும், பள்ளம் நிரப்பும் பட்டியைப் பூசும் தகட்டாலும் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கை டீசல் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து இளக்கி, சோப்புத் தூள் கரைத்த தண்ணீரால் கழுவி, பிறகு நல்ல தண்ணீரால் அலசுங்கள். டீசல் படலம் மிச்சமிருந்தால் பெயிண்ட் மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகும். சோப்புக் கழுவலை இரண்டு தடவை செய்யச் சொல்வது அதனால்தான்.

பேட்டரி தட்டு தனி வேலை. ஆசிட் சிந்தி ஊறிய இரும்பு அது. சமையல் சோடா கரைத்த தண்ணீரை ஊற்றுங்கள். நுரைப்பது நிற்கும் வரை ஊற்றிக் கழுவுங்கள். மட்கார்டு மேல் உர மூட்டை ஏற்றும் பழக்கம் இருந்தால் அங்கேயும் தண்ணீர் தாராளமாகப் போகட்டும். பொட்டாஷ் உப்புதான், யூரியா ஈரத்தை இழுக்கும். இரண்டும் பெயிண்டுக்கு அடியில் இருந்துகொண்டே துருவை வளர்க்கும்.

கழற்றுவதும் சுரண்டுவதும்

பானட், கிரில், மட்கார்டு, கால் தட்டு எல்லாம் போல்ட்டில் நிற்பவை, கழன்று வரும். வயர் போகும் வழியைக் கழற்றும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பகுதியின் போல்ட்டும் தனித்தனித் தயிர் டப்பாவில், மேலே பேனாவில் பெயர் எழுதி. பின்சக்கரத்தை மட்டும் கழற்ற நினைக்காதீர்கள். சேற்றுழவு வண்டியின் டயரில் பாரத்துக்காக நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் நிரப்பியிருப்பார்கள். சாய்ந்தால் ஆளை நசுக்கிவிடும். கழற்றியே ஆக வேண்டும் என்றால் பஞ்சர் கடைக்காரரைக் கூப்பிடுங்கள். சக்கரம் வண்டியில் இருக்கும்போதே ரிம்முக்கு அடிக்கலாம், வழி கீழே சொல்கிறேன்.

துரு எடுக்கக் கம்பி பிரஷ்ஷும், கிரைண்டரில் மாட்டும் கம்பிக் கிண்ணமும் போதும். கிண்ணத்திலிருந்து கம்பி பிய்ந்து ஊசியாகத் தெறிக்கும், கண்ணாடி இல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். பெண்கள் துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு, பின்னலைக் கொண்டையாக முடிந்துகொண்டு கிரைண்டரைப் பிடியுங்கள். வேட்டி கட்டியிருக்கும் ஆண்களுக்கும் இது பொருந்தும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதன் அடிப்பூச்சான பழைய பிரைமரில் குரோமேட் இருக்கலாம்; இரண்டும் விஷம். அதனால் பழைய பூச்சு நன்றாகப் பிடித்திருக்கும் இடத்தில் கிரைண்டரை வைக்காமல், வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை நனைத்துத் தேய்ப்பது நல்லது. தூசு கிளம்பாது. முகத்தில் என்-95 மாஸ்க் இருக்கட்டும். துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது. குழந்தைகள் விளையாடும் வாசலில் இந்த வேலை வேண்டாம்.

பழைய பூச்சு முழுவதையும் உரிக்க வேண்டுமா என்று கேட்பார்கள். தேவையே இல்லை. நகத்தால் கீறினால் வராத பெயிண்ட் நல்ல அடித்தளம். அதை 320 நம்பர் பேப்பரால் மங்கலாக்கினால் போதும். உரிந்த இடத்தை மட்டும் இரும்பு வரை சுரண்டி, ஓரத்தை 120, 220 என்று தேய்த்துச் சரிவாக்குங்கள்.

முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கம் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடல் காற்றில் வெறும் இரும்பு ஒரே ராத்திரியில் மஞ்சள் பூக்கும். அன்றைக்கு பிரைமர் அடிக்க முடிகிற அளவுக்கு மட்டும் அன்றைக்குச் சுரண்டுங்கள்.

எந்தப் பெயிண்ட்

கடையில் மூன்று வகை சொல்வார்கள். பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட் பளபளப்பிலும் உழைப்பிலும் முதல். ஆனால் அதை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது மூச்சில் போனால் தீராத ஆஸ்துமா வரலாம், சாதாரண மாஸ்க் அதைத் தடுக்காது. வீட்டு வாசலில், முதல்முறை அடிப்பவர் அதைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் சீக்கிரம் காயும். ஆனால் அதன் தின்னர் கீழே இருக்கும் பழைய எனாமலைக் கிளப்பிச் சுருக்கிவிடும். டீசல் பட்டாலும் தாங்காது. மிச்சம் இருப்பது சிந்தெடிக் எனாமல். மெதுவாகக் காயும், பிரஷ்ஷுக்கும் ஒத்துவரும், மூன்று வருடம் கழித்து ஒரு இடத்தில் மட்டும் தொட்டு அடிக்கவும் இடம் கொடுக்கும். டிராக்டருக்கு அதுவே போதும்.

நிறம் பொருத்த, வெயில் படாத துண்டு ஒன்றைக் கடைக்கு எடுத்துப் போங்கள். பானட்டின் உள்பக்கத்துச் சின்னத் தகடு எதுவாவது போதும். வெளிப்பக்கச் சிவப்பு வெளுத்து ஆரஞ்சாகியிருக்கும், அதைக் காட்டினால் கடைக்காரர் அதையே கலந்து தருவார். சிவப்பு இரண்டு லிட்டர், சாம்பல் இரண்டு லிட்டர், ரிம்முக்கு ஒரு லிட்டர் எங்கள் வண்டிக்குச் சரியாக இருந்தது. ஒரே நிறத்தில் இரண்டு டப்பா வாங்கினால் பெரிய பாத்திரத்தில் ஒன்றாகக் கலந்துவிடுங்கள். கலவைக்குக் கலவை நிறம் கொஞ்சம் மாறும்.

பிரைமரில் கஞ்சத்தனம் வேண்டாம். பானட்டுக்கும் எஞ்சினுக்கும் ரெட் ஆக்சைடு பிரைமர் போதும். ரிம், மட்கார்டு உள்பக்கம், கால் தட்டின் அடி, பேட்டரி தட்டு ஆகியவற்றுக்கு இரண்டு டப்பாவாக வரும் எபாக்சி பிரைமர் வாங்குங்கள். டப்பாவில் போட்ட அளவில் ஹார்டனர் கலந்து, சொன்ன நேரம் ஊறவிட்டு, பிரஷ்ஷால் மூலை முடுக்கில் குத்திக் குத்திப் பூசுங்கள். கையுறை கட்டாயம், தோலில் பட்டால் அரிப்பு வரும். இரண்டு கோட்டிங். தண்ணீர் ஊடுருவாமல் காப்பது இந்தப் படலம்தான். மறுநாள் 320 பேப்பரால் லேசாகத் தேய்த்துவிட்டு எனாமலுக்குப் போகலாம்.

பட்டி விஷயத்தில் சுருக்கமாக முடிக்கிறேன். பானட்டில் பள்ளம் இருந்தால் பாலியஸ்டர் பட்டியை மெல்லியதாக வையுங்கள். சேறு படும் இடத்தில் பட்டியே வேண்டாம். ஈரம் குடித்து ஓடாகக் கழன்று விழும். துருவில் ஓட்டை விழுந்திருந்தால் பட்டறையில் கொடுத்துத் தகடு வைத்துப் பற்றவையுங்கள்.

அடிக்கும் நாள்

அடிக்கக் கூடாத இடங்களை முதலில் மூடுங்கள். எல்லா கிரீஸ் நிப்பிளிலும் ஒரு சொட்டு கிரீஸ். எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர், கம்பெனித் தகடு, பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு, கியர்பாக்ஸின் மூச்சுத் துளை எல்லாவற்றின் மேலும் மாஸ்கிங் டேப். ரேடியேட்டர் துடுப்புகளில் பெயிண்ட் அடைத்தால் வண்டி சூடேறும், செய்தித்தாள் ஒட்டி மறையுங்கள். சைலன்சருக்குச் சாதாரண எனாமல் எரிந்துவிடும். சூடு தாங்கும் அலுமினிய பெயிண்ட் தனியாக வாங்க வேண்டும்.

ரிம்முக்குச் சொன்ன வழி இதுதான். பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுத்து, டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி சுற்றிலும் செருகுங்கள். வழவழப்பான அட்டை என்பதால் சுலபமாக உள்ளே போகும், பெயிண்டும் உறிஞ்சாது. காற்றைக் கொஞ்சம் இறக்கினால் இன்னும் நன்றாகப் போகும், தண்ணீர் நிரப்பிய டயர் என்றால் வால்வை மேல்பக்கம் கொண்டுவந்துவிட்டு இறக்குங்கள்.

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் பிரஷ்ஷே நல்லது. வார்ப்பு இரும்பின் சொரசொரப்பில் பிரஷ் தடம் தெரியாது. பானட்டுக்கும் மட்கார்டுக்கும் ஸ்ப்ரே கன். கம்ப்ரசரை வாங்க வேண்டாம், பெயிண்டரிடம் நாள் வாடகைக்குக் கிடைக்கும். காற்று வரும் வழியில் தண்ணீர் பிரிக்கும் குடுவை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். எனாமலில் டர்பன்டைன் கலந்து, குச்சியால் தூக்கினால் நூலாக ஓடி முடிவில் சொட்டுச் சொட்டாக விழும் பதம் வரட்டும். நைலான் வலையில் வடிகட்டுங்கள். முதலில் பழைய தகரத்தில் அடித்துப் பாருங்கள்.

கன்னைத் தகட்டிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேராகப் பிடித்து, கையை வளைக்காமல் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஓட்டுங்கள். கன்னின் விசையைத் தகட்டுக்கு வெளியே இருக்கும்போதே அழுத்தி, மறு ஓரம் தாண்டிய பிறகு விசையை விடுங்கள். ஒவ்வொரு ஓட்டமும் முந்தியதில் பாதியை மூடட்டும். விளிம்பும் உள்மூலையும் முதலில், பரந்த இடம் பிறகு. முதல் கோட்டிங் கீழே இருப்பது தெரிகிற மாதிரி மெல்லியதாக. விரலில் ஒட்டுகிற பதத்துக்கு வந்ததும் அடுத்தது நனைந்தாற்போல. சித்தப்பா பக்கத்தில் நின்று, “ஏம்மா, இன்னும் திட்டுத் திட்டாத் தெரியுதே, ஒரேயடியா அடிச்சு விட்டுடேன்” என்று அவசரப்படுத்துவார். இரண்டாவது கோட்டிங்கில் திட்டு மறைந்துவிடும், பொறுங்கள். எங்கேயாவது வழிந்தால் கை வைக்காதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகு 400 பேப்பரை நனைத்துத் தேய்த்து, அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி அடிக்கலாம்.

ஸ்ப்ரே செய்யும்போது ரசாயன ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போடுங்கள், பீடி, அடுப்பு எதுவும் அருகில் கூடாது. எனாமல் துடைத்த துணிகளைக் குவித்துப் போடாதீர்கள். எனாமலில் இருக்கும் எண்ணெய் காயும்போது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வைக்கோல் போர் இருக்கிற வீட்டில் இது மிகவும் ஆபத்து. துணிகளை வெட்டவெளியில் விரித்துக் காயவிட்டுப் பிறகு அப்புறப்படுத்துங்கள்.

மாஸ்கிங் டேப்பைப் பெயிண்ட் முழுசாக இறுகும் முன்பே, சாய்வாக இழுத்து எடுங்கள். மறுநாள் தொட்டால் உலர்ந்திருக்கும், ஆனால் உள்ளே இன்னும் இளசு. பானட்டை மாட்டக் குறைந்தது மூன்று நாள், ஸ்டிக்கர் ஒட்ட ஒரு வாரம் பொறுத்தால் நல்லது. ஸ்டிக்கரை சோப்புத் தண்ணீர் தெளித்த பரப்பில் வைத்து, நகர்த்தி நேராக்கி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தண்ணீரை வெளியேற்றுங்கள். சந்தனமும் குங்குமமும் வைக்க வீட்டுப் பெரியவர்கள் ஆசைப்பட்டால் கண்ணாடியிலும் நம்பர் தகட்டிலும் வைக்கச் சொல்லுங்கள். புது எனாமலில் மஞ்சள் கறை ஏறும்.

சேற்றில் உழ மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரமான கேஜ் வீல் மாட்டும்போது அதன் இரும்பு உரசுகிற இடத்தில் ரிம் பெயிண்ட் பெயர்வதைத் தடுக்க முடியாது. அதற்காகவே ரிம் நிறத்தில் கால் லிட்டரும் கொஞ்சம் எபாக்சி பிரைமரும் மீதி வையுங்கள். டப்பா மூடியை இறுக அடித்து, பெயரும் தேதியும் எழுதி நிழலில் வைத்தால் எனாமல் அடுத்த வருடத்துக்கும் இருக்கும். நடவு முடிந்து வண்டி கரையேறியதும் ரிம்மைக் கழுவி, பெயர்ந்த இடங்களைத் தேய்த்து, அன்றைக்கே தொட்டு அடித்துவிடுங்கள்.