ஊசி அறையில் நாம் செய்யும் தவறுகள்

"சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போட்டுருவேன்." நம் வீடுகளில் சர்வசாதாரணமாகப் புழங்கும் மிரட்டல் இது. நாலு முதல் ஏழு வயதுப் பிள்ளைகளில் பலர், சேட்டை செய்ததால்தான் நோய் வந்தது என்று தாங்களாகவே நினைத்துக்கொள்வார்கள். குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜேயின் காலத்திலிருந்தே உளவியலாளர்கள் இதைக் கவனித்து வருகிறார்கள். அதோடு இந்த மிரட்டலும் சேர்ந்தால், சிகிச்சையே தண்டனைதான் என்று பிள்ளை முடிவு கட்டிவிடும்.

"வலிக்கவே வலிக்காது" என்ற பொய் ஒரு முறைதான் செல்லும். "சுருக்குனு இருக்கும், அம்மா மடியிலேயே உட்கார்ந்துக்கலாம்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். மூன்று, நாலு வயதென்றால் அன்று காலையில் சொன்னால் போதும். ஒரு வாரம் முன்பே சொன்னால் பயம் ஊறிப்போகும். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓரிரு நாள் முன்பே சொல்லி, கேள்வி கேட்க விடலாம்.

பலரும் நம்ப மறுப்பது அடுத்ததை. "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா" என்று திரும்பத் திரும்பச் சொல்லும் ஆறுதல் பெரும்பாலும் எதிர்விளைவையே தருகிறது. அமெரிக்காவில் தடுப்பூசிக்கு வந்த பிள்ளைகளிடம் நடத்தி 2000-இல் வெளியான ஆய்வில், ஆறுதல் சொல்லப் பெற்றோரைப் பழக்கிய குழுவில்தான், பேச்சை வேறு பக்கம் திருப்பிய குழுவைவிட அதிகமாகப் பிள்ளைகளைப் பிடித்து அமுக்க வேண்டியிருந்தது. வாய் ஆறுதல் சொல்கிறது, குரலும் முகமும் கலவரத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. கவனமும் ஊசியை விட்டு அகல்வதில்லை. சோப்புக் குமிழி ஊதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் விரலை மெழுகுவத்தியாக நீட்டி, மெதுவாக, நீளமாக ஊதி அணைக்கச் சொல்லுங்கள்.

மல்லாக்கப் படுக்க வைத்து நாலு பேர் அமுக்குவது அச்சத்தைக் கூட்டும். மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து அணைத்துக்கொண்டு, ஊசி போடும் கையை அல்லது தொடையை மட்டும் அசையாமல் பிடித்தால் போதும்.

கைக்குழந்தைக்கு வலி உறைக்காது என்பது 1980கள் வரை மருத்துவர்களிடையிலும் இருந்த நம்பிக்கை. கனடாவில் 1997-இல் வெளியான ஆய்வு வேறு கதை சொன்னது: மரத்துப்போகச் செய்யாமல் சுன்னத் செய்யப்பட்ட ஆண் குழந்தைகள், நாலு, ஆறு மாதத்தில் தடுப்பூசி போட்டபோது, களிம்பு தடவிச் செய்யப்பட்டவர்களைவிட அதிகமாக வலியைக் காட்டினார்கள். தாய்ப்பால்தான் கையில் இருக்கும் நல்ல மருந்து. ஊசிக்கு முன்பே மார்பை நன்றாகக் கவ்வ வைத்து, போட்டு முடித்த பிறகும் சில நிமிடம் தொடருங்கள். பலர் அழுகை தொடங்கிய பிறகுதான் ஊட்டப் பார்க்கிறார்கள். வீறிட்டு அழும் குழந்தை கவ்வாது. ஒரே நாளில் பல ஊசிகள் என்றால் அதிகம் வலிப்பதைக் கடைசியில் போட வேண்டும். மருந்தைச் செலுத்துமுன் ரத்தம் வருகிறதா என்று ஊசிக்குழலின் தண்டைப் பின்னிழுத்துப் பார்க்கவும் தேவையில்லை. 2015-இல் உலக சுகாதார நிறுவனம் இவற்றை வழிகாட்டலாகவே வெளியிட்டது. பாலுக்குப் பதில் தேனைத் தொட்டு வைக்காதீர்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. முன்கூட்டியே பாராசிட்டமால் கொடுப்பது குத்தும் வலியைக் குறைப்பதில்லை.

மரத்துப்போகச் செய்யும் களிம்பு பலிக்கவில்லை என்பவர்கள் பெரும்பாலும் வரிசையில் நிற்கும்போது தடவியவர்கள். லிடோகெயின்–பிரிலோகெயின் களிம்பைத் தேய்க்காமல், தடிமனாக வைத்து, மேலே ஒட்டுத்தாள் மூடி ஒரு மணி நேரம் விட வேண்டும். சின்னக் குழந்தைக்கு எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வீடு திரும்பியதும் பிள்ளை காதுபடப் பாட்டிக்குப் போன் போட்டு, "என்னா அழுகை தெரியுமா!" என்று விவரிப்பதும் தவறுதான். லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்காக முதுகுத்தண்டில் ஊசி குத்திக்கொள்ள வேண்டியிருந்த பிள்ளைகளிடம், போன முறையைச் சரியாக, மிகைப்படுத்தாமல் நினைவுகூரப் பழக்கியபோது அடுத்த முறைப் பதற்றம் குறைந்ததை 1999-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. "கையை ஆட்டாம வச்சிருந்தான் பாட்டி, மூணு தடவை ஊதினான்" என்று, உண்மையிலேயே அவன் செய்ததை எடுத்துச் சொல்லுங்கள்.