நாயோடு ஒரு நாள்: செங்கல்பட்டிலிருந்து கடலுக்கும் சென்னைக்கும்

எங்கள் வீடு செங்கல்பட்டில். கிழக்கே 30 கிலோமீட்டர் போனால் மாமல்லபுரம் கடல். வடக்கே ஒன்றரை மணி நேரம் போனால் சென்னை. இப்படி ஒரு இடத்தில் இருந்துகொண்டு, மூன்று வயது வரை எங்கள் மணி (பெயரில் புதுமை இல்லை, தெரியும்) தெருமுனை டீக்கடையைத் தாண்டியதே இல்லை. நாட்டு நாய், 18 கிலோ எடை.

முதல் தடவை கூட்டிப்போனபோது திருக்கழுக்குன்றம் வருவதற்குள் பின்சீட்டு முழுக்க வாந்தி. மணி மேல் தப்பில்லை. கிளம்பப் பத்து நிமிடம் இருக்கும்போது தயிர் சாதம் போட்டது நான்தான். அதன் பிறகு நிறையத் தடவை போய்வந்துவிட்டோம். புதிதாகக் கிளம்புகிறவர்களுக்காக, பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: ஊசியும் சான்றும்

ரேபிஸ் ஊசி வருடா வருடம் போட்டிருக்க வேண்டும். அதோடு, எலிக்காய்ச்சலும் சேர்ந்த கூட்டுத் தடுப்பூசி. மழைக்குப் பிறகு தேங்கிய தண்ணீரை நாய் நக்காமல் இருக்காது என்பதால் இதைச் சொல்கிறேன். ஊசி அட்டையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் நாய் வளர்ப்பவர்கள் உரிமம் வாங்க வேண்டும். நம்மைப் போல வெளியூரிலிருந்து போகிறவர்கள் கேட்டால் காட்ட அட்டையாவது வைத்திருப்பது நல்லது.

படி 2: காருக்குப் பழக்குதல்

இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் நிற்கிற காரில் ஏற்றி, ஒரு பிஸ்கட் கொடுத்து இறக்கிவிடுங்கள். அடுத்து தெருவைச் சுற்றி ஒரு சுற்று. அப்புறம் பத்து நிமிடம், இருபது நிமிடம். கார் என்றாலே ஊசி போடப் போகிறார்கள் என்று நினைக்கும் நாய்க்கு அந்த நினைப்பு மாற நாளாகும்.

மார்போடு சேர்த்து மாட்டும் ஹார்னஸ் வாங்கி, அதை சீட் பெல்ட்டோடு இணையுங்கள். கழுத்துப் பட்டையில் கட்டினால் திடீர் பிரேக்கில் கழுத்து நெரியும். தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்ட விடாதீர்கள். பார்க்க அழகுதான், ஆனால் கண்ணில் தூசி விழும். சாப்பாடு கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடிந்துவிட வேண்டும். விடியற்காலைப் பயணமென்றால் முந்தைய இரவுச் சாப்பாடே போதும்.

படி 3: மாதமும் நேரமும்

இந்தப் படியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் அது சூட்டை வெளியேற்றுகிறது. நாக்கின் ஈரம் காய்ந்தால்தான் உடம்பு குளிரும். கடற்கரையிலோ காற்றே ஈரமாக இருக்கிறது, நாக்கு எங்கே காய்வது? நமக்கு ஜிலுஜிலுவென்று இருக்கும் அதே காற்றில் நாய் தவித்துக்கொண்டிருக்கலாம். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இன்னும் மோசம்.

அதனால் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரைதான் என் கணக்கு. அந்த மாதங்களிலும் விடியும்போது மணலில் இருக்க வேண்டும், ஒன்பதரைக்குள் காரில் ஏறிவிட வேண்டும். பிப்ரவரியில் சூரியன் ஏறக்குறைய ஆறரைக்கு உதிக்கும். ஐந்தே காலுக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். சித்திரை, வைகாசியில் எங்கேயும் போகாதீர்கள். நாயை வீட்டில் மின்விசிறிக்கு அடியில் படுக்க விடுங்கள்.

தரையின் சூட்டை அறிய, புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் முடியாது. வறண்ட மணலுக்கும் இதே சோதனைதான்.

மூச்சிரைப்பு சத்தமாகி, எச்சில் கெட்டியாகி, ஈறு சிவந்து, நடை தள்ளாடினால் வெப்பத்தாக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய் வயிறு, தொடை இடுக்கு, பாதம் எல்லாம் நனையத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் தேடி அலைந்து நேரத்தை வீணாக்காமல், கையில் இருக்கிற தண்ணீரையே ஊற்றுங்கள். பிறகு மருத்துவரிடம் ஓடுங்கள். ஞாயிற்றுக்கிழமை எந்த மருத்துவமனை திறந்திருக்கும் என்று முந்தைய நாளே போன் செய்து கேட்டு வைத்துக்கொண்டால், அந்த நேரத்தில் கை நடுங்காது.

படி 4: பையில் என்ன

ஐந்து லிட்டர் தண்ணீர் கேன், ஒரு கிண்ணம், ஐந்து மீட்டர் நீளக் கயிறு, மலம் அள்ளப் பழைய செய்தித்தாளும் பைகளும், இரண்டு பழைய துண்டு, காயத்துக்குக் கட்டுத்துணி. பொம்மை எல்லாம் வேண்டாம். கடற்கரையில் நண்டு வளையே போதும்.

படி 5: கடலில்

திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், கூட்டம் இல்லாத ஓரமாக இறங்குங்கள். கோவளம் போகலாமே என்பார்கள். அங்கே 2021இல் நீலக்கொடிச் சான்று (சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைக்குத் தரும் சர்வதேசச் சான்று) பெற்ற பகுதி இருக்கிறது. அந்தச் சான்றுக்கான விதிகளில் விலங்குகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, அதனால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள்.

கயிற்றைக் கழற்றாதீர்கள். மணி சொன்ன பேச்சு கேட்கும் நாய்தான். ஆனாலும் குப்பத்து ஓரம் ஒருநாள் கருவாடு காயப்போட்டிருந்ததைப் பார்த்ததும் என் பேச்சு அதன் காதில் ஏறவில்லை. இரண்டு நெத்திலி போன பிறகுதான் இழுத்துப் பிடித்தேன். காசு கொடுக்கப் போனால் அந்த ஆயா வாங்கவில்லை. “கயிறு இருக்குதுல்ல, சுருக்கிப் புடிம்மா” என்றார். அன்றிலிருந்து வலை, படகு, கருவாடு எது கண்ணில் பட்டாலும் கயிறு ஒரு முழம்தான்.

கரையில் கிடக்கும் மீனில் கவனம் வேண்டும். வலையிலிருந்து வீசிய பேத்தை மீன் (பந்து போல உப்பும் மீன்) கடும் விஷம். செத்தும் கூட விஷம்தான். ஜெல்லி மீன் ஒதுங்கியிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். தூண்டில் முள்ளும் கண்ணாடித் துண்டும் மணலுக்குள் இருக்கும். உப்புத் தண்ணீரைக் குடித்தால் வாந்தி, பேதி வரும். அதனால் கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை நீங்களே கூப்பிட்டு நல்ல தண்ணீர் கொடுங்கள். அலையில் முழங்கால் அளவோடு சரி. உள்ளிழுக்கும் நீரோட்டத்துக்கு நீச்சல் தெரிந்த நாய், தெரியாத நாய் என்ற வேறுபாடெல்லாம் கிடையாது.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் இந்தக் கரைக்கு முட்டையிட வரும். முட்டைக் குழியைத் தோண்டித் தின்பதில் நாய்கள் கில்லாடி. அந்த மாதங்களில் வெளிச்சம் வந்த பிறகே மணலில் இறங்குங்கள், எங்கேயும் தோண்ட விடாதீர்கள். செத்து ஒதுங்கிய ஆமை தெரிந்தால் திரும்பி நடங்கள். நாய் அதில் ஒருமுறை புரண்டால் வீடு வரை ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் வர வேண்டும்.

படி 6: ஊருக்குள்

கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் தொல்லியல் துறை வளாகங்கள். உள்ளே நாயைக் கொண்டுபோக முடியாது. ஒருவர் வெளியே நிற்க மற்றவர் போய் வரலாம். அர்ச்சுனன் தபசு மட்டும் தெருவிலிருந்தே தெரியும். எலிகள் சூழ, பின்னங்காலில் நின்று தவம் செய்கிற பூனை ஒன்று அதில் உண்டு. நாங்கள் மணிக்குக் காட்டினோம். அது பக்கத்து இளநீர் வண்டியைத்தான் பார்த்தது.

டிபன் பார்சல் வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் இட்லியில் ஒரு விள்ளல் கொடுக்கலாம். வெங்காயச் சட்னியும், கேசரியில் இருக்கும் உலர் திராட்சையும் நாய்க்கு ஆகாது. ஐந்தே நிமிடம்தான் என்று பூட்டிய காரில் விட்டுப் போகாதீர்கள்.

படி 7: சென்னை

கடலுக்கு நாலைந்து தடவை போன பிறகு சென்னை. ஆரம்பத்துக்கு பெசன்ட் நகர் போதும், ஞாயிறு காலை ஆறு மணிக்கு. 1930இல் கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமி ஷ்மிட்டின் நினைவு வளைவு வரை நடந்து திரும்புங்கள். நகரத்தில் சிக்கல் தெருநாய்கள்தான். நாம் அவற்றின் எல்லைக்குள் நுழைகிறோம். நாலைந்து சேர்ந்து வந்தால் ஓடாமல், கயிற்றை இறுக்கி இழுக்காமல், வந்த வழியே மெதுவாகத் திரும்புங்கள். மயிலாப்பூர் மாடவீதி, தி. நகர் எல்லாம் அதன் காதுக்கும் உங்கள் பொறுமைக்கும் தண்டனை.

படி 8: வீடு திரும்பி

நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, விரலிடுக்கிலும் காதிலும் மணல் போகத் துடையுங்கள். அப்படியே உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மறுநாள் மலத்தில் கொஞ்சம் மணல் வந்தால் பயப்பட வேண்டாம். வாந்தி நிற்காமலோ, வயிறு உப்பியோ இருந்தால் மருத்துவர்தான். இரண்டு நாள் ஓய்வு கொடுங்கள். கார் சீட்டுக்கு அடியில் போன மணலை எடுக்க எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.