வயித்தில பிள்ளையோட தீம் பார்க்குக்குப் போறதெண்டால்

பள்ளிக்கூட லீவு விட்டவுடன வீட்டில தொடங்கிடும், இயக்கச்சி றீச்சாப் பண்ணைக்குப் போவம், இல்லாட்டி கொழும்புக்குப் போற நேரம் பண்டாரகம பேர்ள் பே வோட்டர் பார்க்குக்கு கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு. அந்த நேரம் பாத்து நீங்க அஞ்சு மாசமோ ஆறு மாசமோ எண்டால் வீடு ரெண்டு கட்சியாப் பிரியும். மாமி, பிள்ளைத்தாச்சி இந்த வெயிலுக்க எங்க வெளிக்கிடுறாய் எண்டுவா, மனுசன், ஒண்டும் நடக்காது வாரும் எண்டுவார். ரெண்டு பேர் சொல்றதிலயும் பாதி சரி. கர்ப்பம் சிக்கல் இல்லாமப் போகுதெண்டால் தாராளமாப் போகலாம். ஆனா எல்லாரும் ராட்டினத்தைப் பத்தியே பயப்பிடினம், என்னைக் கேட்டால் அதுதான் சின்னப் பிரச்சினை, ஏறாமல் விட்டால் முடிஞ்சுது. வெயில், ரோட்டு, தண்ணி, டொயிலட், இந்த நாலும்தான் ஆளை விழுத்துறது.

முதல்ல கிளினிக்கில கேளுங்கோ. உங்கட ஏரியா மிட்வைஃப் அக்காவிட்ட, இன்ன இடத்துக்குப் போறம், இவ்வளவு நேரம் வாகனத்தில இருக்கோணும் எண்டு சொன்னால் அவ உங்கட கிளினிக் கொப்பியைப் பாத்துச் சொல்லுவா. பிளீடிங் இருந்த ஆக்கள், நச்சுக்கொடி கீழ இருக்கு எண்டு ஸ்கான்ல சொன்ன ஆக்கள், பிரஷர் கூடின ஆக்கள், ரெட்டைப் பிள்ளை உள்ள ஆக்கள், முந்தின பிள்ளையை மாசத்துக்கு முந்திப் பெத்த ஆக்கள் டொக்டரிட்ட கேக்காமல் வெளிக்கிடவே வேண்டாம். போறதுக்கு நல்ல காலம் நாலாம் மாசம் முடிஞ்சதில இருந்து ஏழாம் மாசம் வரைக்கும். அதுக்கு முந்தி சத்தியும் தலைச்சுத்தும், அதுக்குப் பிறகு காலும் இடுப்பும் விடாது.

இப்ப ராட்டினம் மாதிரி ஏறி ஓடுற ரைட்டுகளைப் பாப்பம். கெதியாத் தொடங்கி டக்கெண்டு நிக்கிறது, மேல இருந்து விழுறது, குலுக்கிறது, இடிக்கிறது, சுழட்டி எறியிறது ஒண்டிலயும் ஏறக்கூடாது. காரணம் என்னெண்டால் அப்பிடி உதறுப்படேக்க நச்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவரில இருந்து கழரக்கூடிய ஆபத்து இருக்கு, பிறகு மடிக்கு மேல வந்து பூட்டுற கம்பி நேரா வயித்தில அமத்தும். இடிக்கிற கார், கோ கார்ட், ஜம்பிங் காஸ்சில் எல்லாம் இந்தக் கணக்குத்தான், சின்னப் பிள்ளையள் விளையாடுறதுதானே எண்டு ஏறாதேங்கோ, பின்னால வந்து இடிக்கிறவனுக்கு உங்கட வயிறு தெரியாது. மெதுவா ஓடுற சின்ன ரெயின், அமைதியான தண்ணியில போற வள்ளம், இதுகள் பெரும்பாலும் பரவாயில்லை, ஆனா ஏறி இறங்கிற இடத்தில ஒரு கை பிடிச்சு விட ஆள் வேணும், வள்ளத்தில லைஃப் ஜாக்கெட்டும் போடோணும். குதிரை ராட்டினத்தில குதிரையில ஏறாமல் வாங்கு இருந்தால் அதில இருங்கோ. வாசல்ல கர்ப்பிணிகள் ஏறக்கூடாது எண்டு போர்ட் இருந்தால் அதோட கதை முடிஞ்சுது, ரெண்டாம் தரம் யோசிக்கிறேல்ல.

போர்ட் இல்லாத இடம்தான் கரைச்சல். வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் வாற காணிவேல்ல பாத்தீங்களெண்டால் இன்னார் ஏறலாம் இன்னார் ஏறேலாது எண்டு எழுதியிருக்கிறது குறைவு, டிக்கெட் எடுத்தால் ஏத்துவாங்கள். அங்க நீங்கதான் முடிவெடுக்கோணும். மரணக்கிணறு பாக்கத்தானே போறன், ஓடப்போறேல்லையே எண்டு ஒரு பகிடி இருக்கு, ஆனா அந்தப் படி செங்குத்து, மேல நிக்கிற பலகை முழுக்க அதிரும், சனம் நெருக்கும், புகையும் நேரா மூஞ்சைக்குத்தான் வரும். கீழ நிண்டு கச்சான் சாப்பிடுங்கோ.

தண்ணி விளையாட்டில சறுக்கு மட்டும் வேண்டாம், வேகமா வந்து தண்ணியில அடிபடுற அடி வயித்துக்குக் கூடாது, பின்னால வாறவன் வந்து மோதவும் கூடும். நீச்சல் குளத்தில சும்மா இறங்கி நிக்கிறது நல்ல சுகம், வயித்துப் பாரமே தெரியாது, குளத்துக்குப் போடுற குளோரினால பயமில்லை. பயம் வழுக்கிறதிலதான். ஈர ரைல்ஸில வெறுங்காலோட நடக்காமல் பிடிப்பான ரப்பர் செருப்பு போடுங்கோ, அலையடிக்கிற குளத்துக்க போகாதேங்கோ, சுடுதண்ணித் தொட்டி இருந்தால் அதுக்கும் கிட்டப் போக வேண்டாம், உடம்புச் சூடு கூடுறது பிள்ளைக்கு நல்லதில்லை.

எங்கட வன்னி வெயிலைப் பத்திச் சொல்லத் தேவையில்லை, அதுவும் கச்சான் எண்ட வறண்ட காத்து வீசுற மாசங்களில வேர்த்தது தெரியாமலே உடம்பு காஞ்சிடும். தண்ணி குறைஞ்சால் தலைச்சுத்தும் வரும், வயிறு இறுகி இழுக்கவும் தொடங்கும். அதால காலமை வாசல் திறக்கேக்கயே உள்ளுக்குப் போய், பதினொண்டரைக்கெல்லாம் ஒரு மரத்துக்குக் கீழயோ ஏசி உள்ள இடத்திலயோ இருந்திடுங்கோ, மூண்டரை நாலுக்குப் பிறகு மிச்சம் பாக்கலாம். லூசான பருத்திச் சட்டை, தொப்பி, குடை. தண்ணிப் போத்தல் உங்களுக்கெண்டு தனியா, பிள்ளையளின்ர போத்தலை நம்பினால் பத்து மணிக்கே அது காலி. இளநி கண்ட இடத்தில குடியுங்கோ, தண்ணியில கரைச்சுக் குடிக்கிற ஜீவனி உப்புப் பைக்கற் ரெண்டும் பையில கிடக்கட்டும், பிரஷர் உள்ள ஆக்கள் மட்டும் அதை டொக்டரிட்டக் கேட்டுப்போட்டுப் பாவிக்கோணும். டொயிலட்டுக்குப் போகப் பஞ்சிப்பட்டுத் தண்ணியைக் குறைக்கிற ஆக்கள் கனபேர், அதைச் செய்யாதேங்கோ, சலத்தை அடக்கினால் கிருமி பிடிக்கும். உள்ளுக்குப் போனவுடன முதல்ல பாக்கவேண்டியது டொயிலட் எங்க எண்டுதான், மற்றதெல்லாம் பிறகு.

ரோட்டைப் பாப்பம். வவுனியாவில இருந்து இயக்கச்சிக்கு ஏ9ல எப்பிடியும் ரெண்டு மணித்தியாலம் போகும். எப்பிடியும் முறிகண்டியில நிப்பாட்டிக் கும்பிடத்தானே போறியள், அங்க இறங்கி அஞ்சு நிமிசம் காலாற நடவுங்கோ, டொயிலட்டுக்கும் போங்கோ. கனநேரம் காலைத் தொங்கப்போட்டு இருந்தால் கால் வீங்கிறது மட்டுமில்லை, கர்ப்பகாலத்தில காலுக்க ரத்தம் கட்டுற வாய்ப்பும் கூட. வானிலயோ கார்லயோ போனால் பெல்ட் கட்டாயம், கீழ்ப் பட்டி வயித்துக்குக் கீழ இடுப்பெலும்போட, மேல் பட்டி ரெண்டு மார்புக்கும் நடுவால, வயித்துக்கு மேல ஒண்டும் வரக்கூடாது. பஸ் எண்டால் பின் சீற்றும் பின் சில்லுக்கு மேல உள்ள சீற்றும் வேண்டாம், நடுவில கேட்டு இருங்கோ, பிள்ளைத்தாச்சி எண்டால் எழும்பி இடம் விடுற சனம் இன்னும் இருக்கு. உள் கிராமங்களில இருந்து வாற ஆக்களுக்கு ஏ9க்கு வந்து சேருற கிரவல் ரோட்டுத்தான் பெரிய ராட்டினம், மோட்டச்சைக்கிள்ல பக்கவாட்டில இருந்து குலுங்கிக்கொண்டு வராமல் ஒரு ஓட்டோ பிடிச்சு மெதுவா விடச் சொல்லுங்கோ. கொழும்புப் பக்கம் போறதெண்டால் என்ர தெரிவு ரெயின்தான், எழும்பி நடக்கலாம், டொயிலட் இருக்கு. போய்ச் சேந்த அண்டைக்கே பார்க்குக்கு ஓடாதேங்கோ, ஒரு இரவு படுத்தெழும்பிப் போங்கோ.

சாப்பாடு வீட்டில இருந்து கட்டிக்கொண்டு போனால் நிம்மதி, உள்ளுக்க கொண்டுபோக விடுவினமோ எண்டு முதலே கோல் பண்ணிக் கேளுங்கோ. வாங்கினால் சுடச்சுட வாங்குங்கோ, வெட்டி வெளிய வச்ச பழமும் வெயில்ல கிடந்த மயோனைஸ் பூசின சாமானும் வேண்டாம். சீனி வருத்தம் எண்டு சொல்லியிருந்தால் சோடா, ஐஸ்கிறீமை விட்டிட்டு நேரத்துக்கு நேரம் சாப்பிடோணும். ஆடு, மாடு, கோழி, பறவை இருக்கிற இடமெண்டால் தள்ளி நிண்டு பாருங்கோ, தொட்டால் சவுக்காரம் போட்டுக் கை கழுவுங்கோ, குட்டி போட்ட ஆட்டுக்குக் கிட்டப் போகவே வேண்டாம், அதில இருந்து கர்ப்பத்தைப் பாதிக்கிற கிருமி தொத்தலாம். மாரிக்குப் பிறகு போறதெண்டால் நுளம்புக்குப் பூசுறதும் கொண்டு போங்கோ, கர்ப்பகாலத்தில டெங்கு வந்தால் லேசில்லை.

மாமி வேப்பிலையும் இரும்புத் துண்டும் பையில வைக்கச் சொன்னால் வைச்சிட்டுப் போங்கோ, பாரமில்லைத்தானே, அதுக்குச் சண்டை பிடிச்சு பிரஷரை ஏத்திறது கூடாது. இன்னொண்டு, ரைட்டில ஏறாத ஆள் நீங்க எண்டவுடன எல்லாற்ற பையும் செருப்பும் ஃபோனும் அழுகிற குழந்தையும் உங்கட மடிக்குத்தான் வரும். நல்லாச் சொல்லிப் போடுங்கோ, மாறி மாறி ஒராள் உங்களோட நிக்கோணும் எண்டு. அது பைக்காக மட்டுமில்லை, சனத்துக்க தலைசுத்தினால் பிடிக்க ஆள் வேணும்.

கிளினிக் கொப்பி கட்டாயம் கையில இருக்கோணும். ரத்தம் பட்டால், பன்னீர்க்குடம் உடைஞ்ச மாதிரித் தண்ணி போனால், இருந்து தண்ணி குடிச்ச பிறகும் வயிறு விட்டுவிட்டு இறுகினால், பிள்ளையின்ர துடிப்பு குறைஞ்ச மாதிரி இருந்தால், தலையிடியோட கண் மங்கினால், விழுந்து வயிறு அடிபட்டால் நோகாட்டியும், வீட்டை போய்ப் பாப்பம் எண்டு இருக்காதேங்கோ. 1990க்கு அடிச்சால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும், இயக்கச்சியில எண்டால் கிளிநொச்சி ஆஸ்பத்திரி இருக்கு. டிக்கெட் காசு வீணாப் போகுது, பிள்ளையள் இன்னும் ஒண்டு ஏறேல்ல எண்டதெல்லாம் மனுசன் பாத்துக்கொள்ளட்டும், நீங்க முதல்ல வாகனத்தில ஏறுங்கோ.