வரிசையில் நிற்கும் குடம்: கதையில் பொருளும் ஆளும் வேறொன்றைச் சொல்வது எப்படி?

வடசென்னையில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் தண்ணி லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு இது புதிதில்லை. விடிகாலையில் தெருமுனையில் குடங்கள் வரிசை கட்டி நிற்கும். பக்கத்தில் ஒரு ஆள் இருக்க மாட்டார். குடம் நின்றால் ஆள் நின்றதாகக் கணக்கு. குடம் கைவசம் இல்லாதவர் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போவார். அதற்கும் மரியாதை உண்டு. நகர்த்தினால் சண்டைதான்.

இலக்கிய வகுப்பில் 'குறியீடு' என்று சொல்லிப் பயமுறுத்துவது இதைத்தான். இங்கே இல்லாத ஒருவருக்காக ஒரு பொருள் நிற்கிறது. அதற்கு அந்த உரிமையைக் கொடுத்தது தெருவின் பழக்கம். கதையில் அந்தப் பழக்கத்தை எழுதுகிறவர்தான் உண்டாக்க வேண்டும். முதல் கதை எழுத உட்கார்ந்திருப்பவர்களுக்கும், கதையைப் படித்துவிட்டு "சரி, இதுக்கு என்னதான் அர்த்தம்?" என்று முழிப்பவர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

படி 1: உங்கள் இடத்துப் பொருட்களைப் பட்டியல் போடுங்கள்

இதை நமக்கு முன்பே செய்துவைத்தவர் தொல்காப்பியர். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று ஒரு நிலத்துக்குரிய கருப்பொருட்களை அடுக்குகிறார். பாட்டுக்குள் இன்னொரு அர்த்தத்தை ஒளித்துவைக்கும் உள்ளுறைக்கு இவைதான் நிலைக்களம். ஆனால் தெய்வத்தை மட்டும் அதிலிருந்து விலக்கிவிடுகிறார். எனக்கு மிகவும் பிடித்த விலக்கு இது. சாமி வரும்போதே தன் அர்த்தத்தைச் சுமந்துகொண்டு வந்துவிடுகிறது, நாம் புதிதாக ஒளித்துவைக்க அதில் இடம் ஏது? இது என் வாசிப்பு. உரையாசிரியர்கள் வேறு காரணம் சொல்லலாம்.

காசிமேட்டில் கதை நடந்தால் அன்னக்கூடை, சும்மாடு, ஐஸ் பெட்டி, வலை பின்னும் ஊசி. எண்ணூர் என்றால் மொட்டைமாடியில் காயும் வெள்ளைச் சட்டையும் அதில் படியும் அனல்மின் நிலையத்துச் சாம்பலும். வியாசர்பாடி என்றால் கேரம் போர்டும் அதில் தூவும் பவுடரும். காலத்தையும் பாருங்கள். சென்னை தொழிலாளர் சங்கம் தொடங்கிய 1918-ல் பெரம்பூரில் கதை நடக்கிறதென்றால் மில் சங்கு ஊதியே ஆகவேண்டும். மில் மூடிப்போன இன்றைய பெரம்பூர்க் கதையில் அதே சங்கு ஊதினால் வாசகர் சிரிப்பார்.

பட்டியலில் அரிவாள் இருந்தால் அடித்துவிடுங்கள். வடசென்னை என்றதும் அரிவாளையும் கானாவையும் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் பாலத்துக்கு அந்தப் பக்கம், வடசென்னைக்கு வெளியே இருப்பவர்கள். அணைகிற விளக்கு, உடைகிற கண்ணாடி, கூண்டுக்கிளி இவற்றுக்கும் அதே கதிதான்.

படி 2: முதல் தடவை பொருள் தன் வேலையை மட்டும் பார்க்கட்டும்

நான் குடத்தையே எடுத்துக்கொள்கிறேன். புதிதாக எழுதுகிறவர்கள் இப்படித்தான் தொடங்குவார்கள்:

"சுலோச்சனாவின் வறண்ட வாழ்க்கையைப் போலவே அந்தப் பச்சைக் குடமும் வெறுமையாக இருந்தது."

வாசகர் இன்னும் எதையும் கேட்கவில்லை, அதற்குள் பதிலைக் கையில் திணித்தாயிற்று. மீதிக் கதையில் அவருக்கு வேலை இல்லை. இதற்குப் பதிலாக:

"சுலோச்சனா பச்சைக் குடத்தை வரிசையில் வைத்தாள். விளிம்பில், உடைந்த இடத்தில் சூடு வைத்து ஒட்டிய தழும்பு தெருப்பக்கம் தெரியும்படி திருப்பிவிட்டுப் போனாள்."

அந்தத் தழும்பு எதற்கு? அவளுடைய குடம் எது என்று தெரு அடையாளம் கண்டுகொள்வதற்கு, அவ்வளவுதான். குடம் மாறிவிடக் கூடாது என்பது அவள் கவலை. வாசகர் மனதில் இந்தக் குடம் பதிய வேண்டும் என்பது நம் கவலை. ஒரே வரியில் இரண்டும் முடிந்துவிட்டன.

படி 3: பொருளின் நிலையை மாற்றுங்கள்

இங்கேதான் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். பொருளைத் திரும்பத் திரும்பக் காட்டினால் போதும், ஆழம் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வராது. ஒவ்வொரு தடவையும் அதற்கு வேறேதாவது நடக்க வேண்டும்.

சிலப்பதிகாரத்தில் சிலம்பைப் பின்தொடர்ந்து பாருங்கள். கோவலன் மாதவியோடு இருக்கும்போது கண்ணகியின் காலில் சிலம்பு இல்லை. அவன் கையில் ஒன்றுமில்லாமல் திரும்பும்போது "சிலம்புள கொண்ம்" என்கிறாள். சிலம்பு இப்போது முதலீடு. மதுரையில் அதுவே திருட்டுப் பழியாகிறது. கடைசியில் அரசவையில் சாட்சியாகிறது. பாண்டியன் தன் சிலம்பின் பரல் முத்து என்கிறான், கண்ணகி தன்னுடையது மாணிக்கம் என்கிறாள். உடைத்தால் மாணிக்கம் தெறிக்கிறது. பொருள் ஒன்றுதான். நகை, பணம், பழி, சாட்சி என்று நான்கு பிறவி எடுக்கிறது. சிலம்பு கற்பைக் குறிக்கிறதா, நீதியைக் குறிக்கிறதா என்று பரீட்சைக்கு வேண்டுமானால் எழுதலாம். கதை ஓடுவது இந்த நான்கு மாற்றங்களில்தான்.

நம் குடத்துக்கு வருவோம். இரண்டாம் காட்சியில் பக்கத்து வீட்டு மேரி அதை நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைக்கிறாள்.

"யாருடி என் கொடத்த நவுத்துனது?"

"ஆளக் காணோம், கொடம் மட்டும் நின்னா ஆச்சா?"

"கொடம் நின்னா நான் நிக்கிற மாதிரிதான்டி."

கதையின் விதி வாசகருக்கு வந்து சேர்ந்துவிட்டது, அதுவும் சண்டையின் நடுவே. தத்துவம் போல அவள் சொல்லவில்லை. தண்ணீருக்காகக் கத்துகிறாள்.

மூன்றாம் காட்சி. சுலோச்சனா ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். லாரி வருகிற நாள். மேரி இரண்டு குடத்தோடு வருகிறாள். பச்சைக் குடத்தைத் தன்னுடையதற்கு முன்னால் வைத்து, தழும்பைத் தெருப்பக்கம் திருப்புகிறாள். வரிசையில் நிற்கும் ஒரு பெண் கேட்கிறாள்:

"அதான் ஆளே இல்லயேக்கா, இது எதுக்கு?"

"கொடம் நிக்குதுல்ல."

இதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். மேரி வருந்துகிறாள் என்றோ, பகை கரைந்தது என்றோ நாம் எழுதவில்லை. தான் ஒப்புக்கொள்ளாத விதியை இப்போது அவளே காப்பாற்றுகிறாள்.

படி 4: ஆட்களுக்கு ஒரு தேவையைக் கொடுங்கள்

பொருளை விட ஆளைக் குறியீடாக்குவது ஆபத்து. 'மேரி என்பது சமூகத்தின் சுயநலம்' என்று முடிவு செய்துவிட்டால் அவள் அட்டைப் பொம்மையாகிவிடுவாள். அவள் ஏன் குடத்தை நகர்த்தினாள்? ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் கம்பெனி ஷிஃப்டுக்குப் போக முடியும். இந்த ஒரு தகவல் போதும், வாசகர் இரண்டு பக்கமும் நிற்பார்.

இதற்குப் புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையைப் படியுங்கள். பிராட்வேயும் எஸ்பிளனேடும் சேரும் முனையில் நின்றுகொண்டு கந்தசாமிப் பிள்ளை பெரிய சிந்தனையில் இருக்கிறார். டிராம் வண்டியா, பஸ்ஸா, வெற்றிலையா, அரை கப் காப்பியா? கையில் இருக்கும் சில்லறையில் எது கட்டும் என்பதுதான் சிந்தனை. நகரத்து நடுத்தர வர்க்கத்தின் முழு நெருக்கடியும் அந்தக் கணக்குக்குள் இருக்கிறது, அந்த வார்த்தைகள் மட்டும் இல்லை. அங்கே கடவுள் வந்து என்ன கேட்கிறார்? திருவல்லிக்கேணிக்கு வழி! பிள்ளை அவரிடம் தன் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா பிடிக்கப் பார்க்கிறார். கடவுளையே பாத்திரமாக்கினாலும் அவருக்கு வழி தெரியாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் அவர் ஆளாக நடமாடுவார்.

படி 5: விளக்க வேண்டிய இடத்தில் வாயை மூடுங்கள்

குறுந்தொகை 25, கபிலர் பாட்டு. அவன் என்னோடு கூடிய அன்று வேறு யாரும் இல்லை, அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. பிறகு, தினைத்தாள் போன்ற மெல்லிய பசுங்காலோடு ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த குருகு ஒன்று உண்டு என்று முடிக்கிறாள். குருகின் கண் மீன் மேல். இருந்த ஒரே சாட்சியும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. இதைக் கபிலர் சொல்லவில்லை, நாமாகத்தான் கண்டுபிடிக்கிறோம்.

படி 6: யாரிடமாவது படித்துக் காட்டுங்கள்

"என்ன அர்த்தம்?" என்று கேட்காதீர்கள், "என்ன நடந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள். "ரெண்டு பேரும் ராசியாயிட்டாங்க" என்றால் கதை வேலை செய்கிறது. "குடம்தான் நட்பின் குறியீடு" என்று பதில் வந்தால் எங்கோ அழுத்திவிட்டீர்கள். பெரும்பாலும் அது மூன்றாம் காட்சியில் ஆசையாகச் சேர்த்த கூடுதல் வரியாக இருக்கும், வெட்டுங்கள். சுலோச்சனா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தாளா என்று கேட்டால் பதில் சொல்லாமல் நழுவிவிடுங்கள்.