கறுப்பு மண் என்று மயங்கிவிடாதீர்கள்
அமெரிக்காவின் அயோவாவில் மக்காச்சோளமும் சோயாவும் கொழிக்கும் ‘டாமா’ மண், காற்று அடித்துவந்து சேர்த்த நுண்மண்ணில் உயரப் புல்வெளி வளர்ந்து உருவானது. மேலே ஓரடி போலக் கறுப்பாக இருக்கும். ஆனால் நீர் தேங்கும் பக்கத்து மண்ணும் கறுப்புதான், சில இடங்களில் இன்னும் கறுப்பு!

அங்கே நிலம் வாங்கப் பார்ப்பவர்கள் மண் துளைப்பானால் 3 அடி ஆழம் வரை எடுத்து, லேசாக நனைத்துப் பார்க்க வேண்டும். கறுப்புக்குக் கீழே சீரான பழுப்பு, அப்புறம் மஞ்சள் கலந்த பழுப்பு என்றால் வடிகால் நன்று. சாம்பல் திட்டுகளும் துருப்புள்ளிகளும் தென்பட்டால் அந்த ஆழத்தில் அடிக்கடி நீர் நிற்கிறது. வடிகுழாய் பதிக்கும் செலவையும் சேர்த்தே விலை பேச வேண்டும். சரிவில் கறுப்பு அரையடிகூட இல்லையா? மேல்மண் அரித்துப் போயிருக்கும்.